கல்யாணம், வீடு, படிப்பு, ஓய்வு: குடும்பப் பணக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் கவுண்டர்தான் போயிற்று, கேள்விகள் போகவில்லை. பந்தியில் இலை போடும்வரை காத்திருக்கையில் ஒன்று, துக்க வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கையில் ஒன்று என்று வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருகிறவற்றை ஏறக்குறைய வயது வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். வட்டி விகிதங்கள் 2025-இல் இருந்தவை. சிறுசேமிப்பு வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. பணம் போடும் முன் தபால் நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சம்பளம் வந்திருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

வீட்டில் வெளிக்கடன் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். சேமிப்பைப் பற்றிப் பேசுகிற பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் முதல் சம்பளத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அக்காவின் கல்யாணக் கடனோ கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய கைமாற்றோ இருக்கும். ‘இரண்டு வட்டிக்குத்தான் வாங்கியிருக்கிறேன்’ என்று அப்பா சாதாரணமாகச் சொல்வார். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். ஆண்டுதோறும் உறுதியாக 24 சதவீதம் தருகிற முதலீடு எங்கும் கிடையாது. ஆகவே அந்தக் கடனை அடைப்பதுதான் உங்களுடைய முதல் முதலீடு. வீட்டில் நகை இருந்தால் அதை வங்கியில் வைத்து, குறைந்த வட்டிக்கு எடுத்து, வெளிக்கடனை முடித்துவிட்டு நகைக்கடனை மாதாமாதம் கட்டலாம். வட்டியை மட்டும் கட்டி ஆண்டுக்கு ஆண்டு மறுஅடகு வைத்துக்கொண்டே போனால் இந்த ஏற்பாட்டில் அர்த்தமில்லை.

அடுத்து, ஆறு மாதச் செலவுக்கான பணம். அதை யு.பி.ஐ. இணைக்காத தனிக் கணக்கில் வையுங்கள். கைபேசியில் தெரிகிற பணம் கையில் இருக்கிற பணத்தைவிட வேகமாகக் கரைகிறது.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் யு.ஏ.என். எண் எத்தனை வேலை மாறினாலும் ஒன்றுதான், பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தொடர்ந்து 5 ஆண்டு முடியும் முன் எடுத்தால் வரியும் உண்டு. இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. நிறுவனம் போடும் 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம், அதாவது அதிகபட்சம் 1,250 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மொத்தம் 10 ஆண்டு சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாதாந்தரப் பென்ஷன். இடையில் எடுப்பவர் அந்த ஆண்டுகளையும் இழக்கிறார்.

உறவினர் ஒருவர் பாலிசி போடச் சொல்லி வற்புறுத்துகிறார். மறுக்க முடியவில்லை.

மறுக்க வேண்டாம், டேர்ம் பாலிசி கேளுங்கள். கமிஷன் குறைவு என்பதால் பேச்சு தானாகவே வேறு பக்கம் போகும். உங்கள் சம்பளத்தை நம்பி ஒருவர்கூட இல்லையென்றால் ஆயுள் காப்பீடே இப்போது தேவையில்லை. மனைவி, குழந்தை, வயதான பெற்றோர், வீட்டுக்கடன் என்று வந்த பிறகு ஆண்டு வருமானத்தைப்போல் குறைந்தது பத்து மடங்குக்கு டேர்ம் பாலிசி எடுங்கள். இறந்தால் பணம், இருந்தால் ஒன்றும் வராது. ‘கட்டிய பணம் வீணா?’ என்று கேட்பவரிடம் ஸ்கூட்டர் காப்பீட்டுப் பணம் திரும்பி வந்ததா என்று கேளுங்கள்.

தவறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தொழில் செய்கிறவர்கள் 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் பாலிசியை எடுப்பது நல்லது. அப்படி எடுத்தால் அந்தத் தொகை மனைவி, பிள்ளைகளுக்கே. தொழில் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது.

சீட்டு போடலாமா?

பதிவு செய்த ஏலச்சீட்டு என்றால் போடலாம். 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவுத்துறையில் முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சீக்கிரம் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முதல் ஏலத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏலக் கூட்டத்தைப் பார்த்து, சீட்டுத் தொகையில் பெரிய பகுதியை விட்டுக்கொடுத்துத் தள்ளிக் கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நகைச் சீட்டு வேறு கதை. அது ஏன் பெரும்பாலும் 11 மாதத்தில் முடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 365 நாளைத் தாண்டினால் கடைக்காரர் வாங்கும் முன்பணம் சட்டத்தின் கண்ணில் டெபாசிட் ஆகிவிடும்; அதற்கான கட்டுப்பாடுகள் எல்லாம் வந்து சேரும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. நகைக்கடையில் கட்டிய பணத்துக்கு அது கிடையாது.

மாதம் 10 சதவீதம் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதில்லை. கொடுத்த பிறகுதான் வருகிறார்கள்.

கல்யாணத்துக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்? மொய் வந்துவிடுமே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தூரத்து உறவினர் ஒருவர் மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் என்னிடம் மொய் நோட்டைக் கொடுத்துக் கூட்டித் தரச் சொன்னார். நாற்பது பக்க நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று மூன்று பத்தி. இடையிடையே ‘தாய்மாமன் சீர் தனி’, ‘கவர் பிரிக்கவில்லை’ என்று குறிப்புகள். கூட்டினால் மூன்று லட்சத்துக்கு மேல் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது: ‘மண்டப வாடகையும் சமையலும் வந்துவிட்டது.’ பீரோவிலிருந்து இன்னொரு நோட்டை எடுக்கச் சொன்னேன். அவர் மற்றவர்கள் வீட்டில் எழுதிய மொய்க் கணக்கு அதில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று லட்சத்தில் பாதிதான் அவர் முன்பு போட்டது திரும்பி வந்தது. மீதி புதிதாக வந்த கடன். வட்டி இல்லை, தேதி இல்லை. ஆனால் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் ஐநூறும் ஆயிரமுமாகத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடத்துகிறவர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வந்த பணத்தைத் தொழிலிலோ நிலத்திலோ போடுகிறார்கள், திருப்பிச் செய்ய வேண்டியதை ஆண்டுதோறும் ஒதுக்குகிறார்கள். நாம்தான் அதை வருமானம் என்று எண்ணிச் சமையல்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே மொய்யை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டுமென்றால், கட்டப்போவது மணமக்களா பெற்றோரா என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். பெற்றோர் 55 வயதில் வாங்கும் கல்யாணக் கடனைப் பல வீடுகளில் ஓய்வுத் தொகைதான் அடைக்கிறது.

கல்யாணம் முடிந்த கையோடு பி.எஃப். நாமினியை மாற்றுங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பி.எஃப். நியமனம் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தங்கம் முதலீடுதானே?

தங்கம் முதலீடு, நகை அப்படியல்ல. செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன்மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒரு லட்ச ரூபாய்த் தங்கத்துக்கு 1,18,450 ரூபாய் கொடுக்கிறீர்கள். மறுநாளே விற்கப் போனால் அந்த 18,450 வராது. போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள்; ஹால்மார்க் நகைக்குத் தரும் ஆறு இலக்க அடையாள எண்ணான ஹெச்.யு.ஐ.டி. பொறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் பணமாகிற பொருள் வீட்டில் வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மைதான். அதனால் நகையை நான் பழிப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கு என்று இருபது ஆண்டுக்கு முன்பே டிசைன் நகையாக வாங்கிப் பூட்டிவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அப்போது அவள் அந்த டிசைனைத் தொடமாட்டாள்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செல்வமகள் திட்டம் நல்லதா?

நல்லது. 10 வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் 1.5 லட்சம்வரை 15 ஆண்டு கட்டலாம். கணக்கு 21 ஆண்டில் முதிர்கிறது. வட்டி 8.2 சதவீதம். 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம். பையன் என்றால் பி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதி: 7.1 சதவீதம், 15 ஆண்டு. இரண்டுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும்.

ஏழெட்டு ஆண்டு தொட வேண்டியதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பணத்தை மட்டும் பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகப் போடுங்கள். சந்தை விழுந்த மாதத்தில் நிறுத்தப்போகிறவர் தொடங்காமல் இருப்பதே மேல்.

வாடகை கொடுப்பதற்குத் தவணை கட்டலாமே?

மாத வாடகையையும் மாதத் தவணையையும் ஒப்பிடும் கணக்கு இது, அரைக் கணக்கு. 50 லட்சத்துக்குப் பழைய வீடு ஒன்று பார்க்கிறீர்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரையிலான கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதம்தான் தரும். ஆக 40 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். பத்திரம் முழு விலைக்கே எழுதினால் 4.5 லட்சம், இதற்கு வங்கி கடன் தராது. கையிலிருந்து 14.5 லட்சம் போக வேண்டும். இதைத் தனிநபர் கடனாகவோ நகையை வைத்தோ திரட்டுகிறவர்கள் இரட்டைத் தவணையில் மூச்சுத் திணறுகிறார்கள்.

தவணையின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். 30 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 ஆண்டு: மாதம் சுமார் 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 21,250. அசலில் குறைவது 4,785. கடைசியில் கட்டி முடித்திருப்பது ஏறக்குறைய 62.5 லட்சம். இதே கடனுக்கு ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் மூன்றரை ஆண்டு முன்பாகவே முடிந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. தீபாவளி போனஸுக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியாது.

மூலப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, இவை மூன்றையும் வங்கி வழக்கறிஞர் பார்ப்பார் என்று விட்டுவிடாமல் உங்களுக்காக ஒருவரிடம் காட்டுங்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்தை.

பெற்றோரின் மருத்துவச் செலவு பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம்வரை உண்டு. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம்வரை மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இடையில் இருப்பவர்கள் தனியாகப் பாலிசி எடுக்கத்தான் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் முன்பே இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. மறைத்துவிட்டு மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போது மறுப்புக் கடிதம் வாங்குவது கொடுமை. தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது.

அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். உங்களுக்கென்று ஒன்று நாற்பது வயதுக்குள் இருக்கட்டும்.

மகன் பொறியியல் படிப்புக்கு என் பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். இந்த ஒன்றில் பெற்றோர் என் பேச்சைக் கேட்பதேயில்லை என்றாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படிப்புக்குப் பல வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்புவரை படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு; அதில் இடம் கிடைத்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்விக்கடன் 7.5 லட்சம்வரை சொத்து ஈடு இல்லாமல் கிடைக்க வழி இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தவணை தொடங்கும். கடன் மகன் பெயரில் இருப்பதால் அவனுக்கும் நான்கு ஆண்டுப் படிப்பின் விலை தெரியும்.

உங்கள் முதுமைக்கு என்ன வழி? பி.எஃப். பென்ஷன் 15,000 ரூபாய் சம்பள வரம்பில் கணக்கிடப்படுகிறது. 30 ஆண்டு வேலை பார்த்தவருக்கும் மாதம் 7,000 ரூபாய்க்குள்தான் வரும் (கூடுதல் பென்ஷன் கேட்டு விண்ணப்பித்தவர்கள் தவிர). இன்று 36 வயதில் குடும்பச் செலவு மாதம் 40,000 என்றால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 48-இல் 80,000, 60-இல் 1,60,000. காதுகுத்துக்கு மொய் எழுதுகிறார்கள், கல்யாணத்துக்கு, புதுமனை புகுவிழாவுக்கு, கருமாதிக்குக்கூட எழுதுகிறார்கள். முதுமைக்கு யாரும் எழுதுவதில்லை.

ஓய்வுத் தொகை மொத்தமாக வந்திருக்கிறது. எங்கே போடுவது?

மூன்று மாதம் எங்கேயும் போடாதீர்கள், யாரிடமும் தொகையைச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் எண்ணிக்கை தானாகவே கூடும்.

பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு 30 லட்சம்வரை, 5 ஆண்டு, 8.2 சதவீதம். முழுத் தொகை போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வட்டி வரும். மனைவிக்கும் 60 வயதாகிவிட்டால் அவர் பெயரில் தனிக் கணக்கு. 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இதில் சேரலாம். என் மூன்று மாத அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது, தேதியைக் குறித்துவையுங்கள்! அடுத்தது தபால் நிலைய மாத வருமானத் திட்டம்: 9 லட்சம் போட்டால் 7.4 சதவீதத்தில் மாதம் 5,550. மீதியை 5 லட்சத்துக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள்.

வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடலாமா?

உயிரோடு இருக்கும்போது செட்டில்மென்ட் எழுதினால் வீடு அன்றே கைமாறிவிடும். அவசரப்படாமல் உயில் எழுதுங்கள். உங்கள் காலம்வரை வீடு உங்களுடையது, நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ‘பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?’ என்று கூச்சப்படுவார்கள். அன்போடு கவனிக்கப்போகிற பிள்ளைக்கு அந்த வரி ஒரு பாரமே இல்லை.

நாமினி போட்டிருக்கிறேன். உயிலும் வேண்டுமா?

வேண்டும். வங்கி நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், உரிமையாளர் வாரிசுகள். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் ஆகியோருக்குச் சமபங்கு. தாயும் உயிரோடு இருந்து, இரண்டு பிள்ளைகள் என்றால் மனைவிக்குக் கால் பங்குதான் வரும். ‘எல்லாம் என் மனைவிக்குத்தானே போகும்’ என்று என்னிடம் சொன்னவர்களில் மிகச் சிலருக்கே இது தெரிந்திருந்தது. உயிலை வெள்ளைத்தாளில் எழுதலாம், பதிவு கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள்.

கணவர் திடீரென்று இறந்துவிட்டார். என்னென்ன வர வேண்டும் என்றே தெரியவில்லை.

அவருடைய வங்கிப் பாஸ் புத்தகத்தில் பதிவு போட்டு வாங்கி, மே, ஜூன் மாதங்களைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்தம் இருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 2 லட்சம் வர வேண்டும். 20 ரூபாய் இருந்து, இறந்தது விபத்தில் என்றால் இன்னொரு 2 லட்சம். வேறு நிறுவனங்களின் பெயரில் ஆண்டுக்கு ஒருமுறை போன பணம் எதற்கு என்று விசாரியுங்கள். மறந்துபோன பாலிசிகள் அப்படித்தான் அகப்படும். வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால் பி.எஃப். பணத்தோடு 7 லட்சம்வரை காப்பீட்டுத் தொகையும் உண்டு, அதை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அவருக்கு 10 ஆண்டு சேவை இல்லாவிட்டாலும் உங்களுக்கு விதவைப் பென்ஷன் உண்டு. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். பத்து ஆண்டுக்கு மேல் தொடாத பழைய கணக்குகளை ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம்.

வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம் போகும் முன் ஒன்று செய்யுங்கள். இறப்புச் சான்று, ஆதார், பாஸ் புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, அவர் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் முன்னெழுத்து ‘கே’ என்றும் இன்னொன்றில் ‘கு’ என்றும் இருந்தால், இறப்புச் சான்றை அன்றே திருத்தக் கொடுங்கள். அதற்குப் பிறகு பத்து நகல் எடுக்கலாம்.